வெக்கைக் கணக்கு

கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நீட்டிய துவக்கு
பிரதேச சபை அலுமாரியில் கிடந்தது.
பற்றரி மாற்றினேன்.
சித்திரை பதினெட்டு, பகல் ஒன்றரை.
கண்டி வீதியின் தாருக்கு நெற்றி எதுவென்று தேடி
வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
இலக்கம் வரவில்லை.
திரை ‘ஹாய்’ என்றது.

“ரோட்டு உங்களுக்கு ஹாய் சொல்லுது, மிஸ்”
என்றாள் வெள்ளரிப்பழம் விற்கிற குலநாயகி.
நாற்பத்துமூன்றுக்கு மேலே எண்ணத் தெரியாத கருவி.
மனிசருக்கென்று செய்தது.
அதற்கு மேலே மனிசர் இருக்கமாட்டார் என்று
செய்தவர்கள் நினைத்திருப்பார்கள்.
குலநாயகி காலை ஆறரைக்கே வந்து
அந்தத் தாரோரம் குந்துகிறாள்.

பிறகு வவுனியாவிலிருந்து
சரியான கருவியொன்று இரவல் வந்தது.
ஒரு கிழமை நடந்தேன்.
பஸ் நிலையத் தகரம் அறுபத்தொன்று.
வங்கி வாசல் மாபிள் ஐம்பத்திரண்டு.
ஆசுபத்திரிப் படலையில்
துண்டு எடுக்க வரிசை நிற்கிற இடம் ஐம்பத்தேழு;
அதை எழுதும்போது பேனை வழுக்கியது.
வீதி அகலித்தபோது தறித்த மருது நாற்பத்தாறு
என்று கோப்பில் இருக்கிறது.
நட்டது எத்தனை என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

ரயில் பாதைக்குப் பின்னால், அரை ஏக்கர்,
முப்பத்திரண்டு.
கருவி பழுதென்று தட்டிப் பார்த்தேன்.
திரும்பவும் முப்பத்திரண்டு.

மண்டையோட்டுப் பலகை நட்டிருந்த காணி அது.
பதினொரு வருசம் ஒருவரும் உள்ளே போகவில்லை,
விறகுக்கோ, கதியால் வெட்டவோ.
வௌவாலுக்கு வாசிக்கத் தெரியாது,
இலுப்பங்கொட்டை போட்டது.
வாகை நெற்றுக்கும் தெரியாது.
பயம் வேலியாய் நின்றது.
உள்ளே மரம் வளர்ந்தது.

போன ஆவணியில்தான் வெடி அகற்றி முடிந்தது.
சாண் சாணாய் முழந்தாளில் நகர்ந்தவர்களில்
மேரி சுகிர்தாவும் ஒருத்தி.
“பத்தையை வெட்டினம்.
பெரிய மரத்தில கைவைக்க வேண்டாமெண்டு
நான்தான் சண்டை பிடிச்சனான்.
அந்தக் கவசத்துக்குள்ள ஆள் அவிஞ்சு போயிடும்.
எத்தினை மணிக்கு எந்த மரத்தின்ர நிழல்
எங்க விழுமெண்டு பாத்துத்தான் லேன் பிடிப்பன்.”
அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன்.
என் படிப்பில் இல்லாத வரைபடம்.

இப்போது காணிக்குச் சான்றிதழ் உண்டு.
பயம் போனதும் விலை வந்துவிட்டது.
இரண்டு தட்டுக் கடைத்தொகுதி,
முழுக்கக் கண்ணாடி,
கச்சான் வரும் வழிக்குக் குறுக்கே.

கூட்டத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்தேன்:
குளக்கட்டில் தொடங்கி, அந்த மரங்களுக்குள்ளால்,
வாய்க்காலோரம், சந்தைக்குப் பின்பக்கமாய்,
ஆசுபத்திரிப் படலை வரைக்கும்
இருபத்தைந்தடி அகலம்.
மருது, புங்கை, இடையில் ஒரு மதிலும் இல்லை.
கச்சான் குளத்தில் கால் நனைத்து வந்து
வரிசையில் நிற்கிறவரின் பிடரியில் படவேண்டும்.
திட்டம் முழுக்க அவ்வளவுதான், ஐயா.

“நிழலுக்கு ஆர் பிள்ளை வாடகை தருவினம்?”
சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.
தேத்தண்ணி வந்தது.
வெளியே வெயிலில் நின்ற செயலாளரின் வாகனத்தில்
ஆசனத்துக்கு நேரே துவக்கைப் பிடித்துக் காட்டினேன்.
ஹாய்.
அவர் சால்வையை விரித்து அதன்மேல் இருந்தார்.

இருபத்தைந்தைப் பன்னிரண்டாக்கித் தந்தார்கள்.
காணியைப் பற்றி அடுத்த கூட்டத்தில்.
அடுத்த கூட்டம் இரண்டுதரம் பிந்திவிட்டது.

கார்த்திகை மழையில்
வாய்க்காலோரம் நூற்றுப்பத்துக் கன்று வைத்தோம்.
பதினேழை மாடு கடித்தது.
ஒன்றின்மேல் யாரோ மோட்டச்சைக்கிள் நிறுத்தினார்கள்.

பங்குனியில் போனேன்.
குலநாயகி தராசை வாய்க்காலோரத்துக்கு மாற்றியிருந்தாள்.
முழங்கால் உயர மருதின் முட்டுக்கம்பில்
தன் குடையைக் கட்டியிருந்தாள்.
அவளுக்குப் பாதி, கன்றுக்குப் பாதி.
“கடனாக் குடுக்கிறன், மிஸ்.
பத்து வருசத்தில வட்டியோட வாங்குவன்.”

பையில் அந்தப் பழைய துவக்கு கிடந்தது.
ஓர் இலையில் பிடித்தேன்.
முப்பத்தாறரை.
காய்ச்சல் இல்லை.