இல்லாத ஏழு பாட்டுகள்

வானிலை பார்த்தோம், ரயில் நேரம் பார்த்தோம்.
கடலைப் பார்க்க மறந்துபோனோம்.
சவுத்எண்டில் இறங்கி, சரிவில் ஓடி,
கரைக்குப் போனால்
கடல் வீட்டில் இல்லை.

கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு.
அதில் ஒருக்களித்துப் படுத்த படகுகள்.
தண்ணீரைத் தேடிக் கொண்டே போகிற நீளப் பாலம்.
கதைப்பலகையில் பன்னிரண்டு கட்டம் வரைந்திருந்தேன்.
பன்னிரண்டிலும் அலை.

"எப்ப வரும்?" என்றான் மாந்தாஸ்,
பஸ்ஸைப் பற்றிக் கேட்பதுபோல.
"நாலரைக்கு, கண்ணு" என்றாள் சிப்பி விற்றவள்.
நவம்பர். நாலு மணிக்கு இருட்டு.

பாட்டும் எங்களுடையது இல்லை.
லீட்ஸ் பக்கம் ஒரு குழு. கலைந்து இரண்டு வருடம்.
அனுமதி கேட்டு எழுதினேன்.
"எடுத்துக்கொள், யாராவது கேட்டால் சரி"
என்று ஒரு வரி வந்தது.

எஃபுவாவுக்குப் பாட வராது. வாயசைக்க வரும்.
தந்திரம் இதுதான்:
பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடு,
அவளும் அதே வேகத்தில் உதட்டை ஓட்டுவாள்,
நொடிக்கு ஐம்பது சட்டம் பிடித்து
பிறகு பாதி வேகத்துக்கு இழு.
முடி மெதுவாகப் பறக்கும், காகம் மெதுவாக எழும்பும்,
சொல் மட்டும் தாளத்தில் நிற்கும்.
ஆனால் அன்றைக்குக் கரையில் கேட்டது
ஓர் அணில் கோபத்தில் கத்துவது.
நாய்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

மூன்றாவது டேக்.
வெள்ளிநிறக் குதிச் சப்பாத்து, அவள் அக்காவுடையது,
மார்ச்சில் கல்யாணம், கேட்காமல் எடுத்தது.
இடதுகால் சப்பாத்து சேற்றில் நின்றுவிட்டது.
அவள் நிற்கவில்லை.
ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம்,
அணில் வேகத்தில் வாய்,
நேராக என்னைப் பார்த்து வருகிறாள்.
நிறுத்து என்று நான் சொல்லியிருக்கலாம்.

திரும்பிப் போனபோது சேறு மூடியிருந்தது.

ரயிலில், சாக்வெல் தாண்டும்போது,
கடல் வந்திருந்தது.
தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, கறுப்பாக, அவசரமே இல்லாமல்.
கேமராவில் சார்ஜ் இல்லை. மாந்தாஸ் ஃபோனை நீட்டினான்.
கண்ணாடியில் நாங்கள் மூன்று பேர்தான் விழுந்தோம்.

இனி சிடி உறை செய்ய வேண்டும்.
இப்போது யார் சிடி வாங்குகிறார்கள் என்று கேட்காதே,
பாடத்திட்டம் வாங்குகிறது.
முன்பக்கம்: சேற்றில் ஒற்றைச் சப்பாத்து, மூழ்குமுன்.
ஆல்பத்தின் பெயர்: கடல் வீட்டில் இல்லை.
பின்பக்கத்துக்கு எட்டுப் பாட்டு வேண்டும், இருப்பது ஒன்று.
மீதி ஏழையும் 101ஆம் நம்பர் பஸ்ஸில் எழுதினேன்:
பாதி டிக்கெட். உன் சார்ஜர் என்னிடம். மாடி விளக்கு.
ஐந்தாவதுக்கு வெறும் 'செவ்வாய்' என்று வைத்தேன்,
இறங்குமிடம் வந்துவிட்டது.
பார்கோடு, அம்மாவின் கடலைமா பாக்கெட்.
போஸ்டரில் நாலு நட்சத்திரம்,
கொடுத்தது நான் இட்டுக்கட்டிய பத்திரிகை.
'மார்ச் 14 முதல் எல்லாக் கடைகளிலும்.'

மிஸ் ஹாலரன் எழுதினார்:
பார்கோடு நம்பும்படி இருக்கிறது.

போஸ்டரை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.
ஏழாம் வகுப்புப் பொடியன் ஒருவன்,
பை அவனைவிடப் பெரிது,
நின்று படித்துவிட்டுக் கூட்டாளியிடம் சொன்னான்:
"இவளைத் தெரியும். அஞ்சாவது பாட்டு நல்லா இருக்கும்."

நான் பின்னால் நின்றேன்.
"எப்படிப் போகும்?" என்றேன்.
ஒரு நொடி முழித்தான்.
பிறகு, பொய்யைக் காப்பாற்ற,
மூக்காலே நாலு வரி முனகினான்.
மூன்றாவது வரி எங்கேயோ ஏறி
இறங்காமல் அங்கேயே நின்றது.
மணி அடித்தது. ஓடிவிட்டான்.

சப்பாத்துக்கு முப்பத்தெட்டு பவுண்டு,
மூன்று பேருமாகக் கட்டுகிறோம், சனிக்கிழமைக் கூலியில்.
அக்கா இன்னும் எஃபுவாவோடு பேசவில்லை.

அந்த மூன்றாவது வரியை
அன்றைக்கே ஃபோனில் பதிந்திருக்க வேண்டும்.
ஏறினது ஞாபகம் இருக்கிறது.
எங்கிருந்து என்பதுதான் இல்லை.