படிக்கணக்கு

போன ஆண்டு எண்பத்து நான்கு.
இந்த ஆண்டு எழுபத்தொன்று.
பதின்மூன்று படிகளைக் கடல்
ரசீது தராமல் எடுத்துக்கொண்டது.

தீவின் தென்மேற்குக் கரையில்
இந்த ஒடுங்கிய பள்ளத்தைச் சைன் என்பார்கள்.
பழஞ்சொல். பிளவு என்று பொருள்.
மேலிருந்து ஓடை அறுக்கிறது
கீழிருந்து அலை கடிக்கிறது
நடுவில் நான்,
கவுன்சில் கொடுத்த சுத்தியலோடு.

ஆணி அடிப்பதில்லை, திருகாணிதான்.
கழற்றப்போவதைக்
கழற்றும்படிதான் கட்டவேண்டும்.
சிமென்ட் போடச் சொன்ன புது அதிகாரியை
ஒரு பிப்ரவரி இரவு இங்கே நிற்கவைத்தேன்.
காலையில் திருகாணிக்குக் கையெழுத்தானது.

மேலிருந்துதான் எண்ணுகிறேன்.
முதல் படிகளில் காற்றே இல்லை.
கோணி நிற்கும் ஆல்டர் மரங்கள்,
நாக்கு நாக்காய்த் தொங்கிச்
சொட்டும் பெரணி.
குதிரைவால் செடி முழங்கால் உயரம்;
டைனோசருக்கும் முன்னால்
இதன் மூதாதையர் மரமாய் நின்றவர்கள்.
ஓடைநீரில் இரும்பு.
எத்தனை கழுவினாலும்
என் பூட்சில் போகாத காவி.

முப்பதாம் படியில் சத்தம் மாறும்:
ஓடை முதுகுக்குப் பின்னால் போய்விடும்,
கடல் முகத்துக்கு வரும்.
ஐம்பதில் வெயில்.
தெற்கு பார்த்த சாம்பல் களிமண்
ஒவ்வொரு குளிர்காலமும் புரண்டு படுக்கிறது.
புரண்ட மண்ணில் முதலில் முளைப்பது
ஈட்டி இலைச் செடி ஒன்று,
இசப்கோலுக்குத் தூரத்துச் சொந்தம்.
அதை மட்டும் தின்று வளரும்
கறுத்த உடம்பும் செங்கல் தலையுமாய் ஒரு புழு.
கூட்டமாய் வலைக்கூடாரம் பின்னி
பனியைக் கடந்து
மே மாதக் கடைசியில்
கறுப்புக் கட்டம் போட்ட ஆரஞ்சுச் சிறகாகும்.

தோரா அட்ரில் மண்டியிட்டு எண்ணுவாள்.
இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள்;
பழைய டைம்டேபிளின் முதுகில்
குறித்திருக்கிறாள்:
கூடாரம் நூற்றுப் பதினாறு.
பாம்பு ஒன்று, தூக்கம்.
சரிவு புரளாத இடத்தில்
புல் மூடும், பிறகு முள்.
புழுவுக்கு அங்கே சோறில்லை.

நவம்பரில் தேவாலயக் கூடத்தில் கூட்டம்.
நார்வேயிலிருந்து கப்பலில் பாறை கொண்டுவந்து
பள்ளத்தின் வாயை அடைப்பது என்று திட்டம்.
நெவில் ஜாலிஃப் எழுந்து பேசினான்.
அவன் மைதானத்தில் எட்டு கேரவன் வைத்த இடம்
இப்போது வெறும் காற்று.
அவன் சொன்னதில் தப்பொன்றுமில்லை.
பிறகு எல்லோரும் தோராவைப் பார்த்தார்கள்.
அவள் சமையலறைக் கதவுக்கும் விளிம்புக்கும்
முப்பத்தொரு மீட்டர்,
அவளே நாடா பிடித்து அளந்தது.

"வீட்டுக்குப் பதினைந்து வருஷம் இருக்கிறது.
எனக்கு அவ்வளவு இல்லை.
பாறை வேண்டாம்."
சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

முடிவு தள்ளிவைக்கப்பட்டது.
ஜாலிஃப் அவளோடு பேசுவதில்லை இன்னும்.
மழை நாளில் அவள் தபாலைப்
பெட்டிக்குள் நன்றாகத் தள்ளிவிட்டு மட்டும் போகிறான்.

ஜனவரிப் புயலுக்குப் பின்
கடைசிப் படிக்குக் கால் நடப் போனேன்.
தட்டைப் பாறை, கச்சிதமான இடம்.
அதில் மூன்று விரல் பதிந்த
பெரிய பாதக்குழி,
நிறைய மழைநீர், ஒரு குட்டி நண்டு.
அந்த மிருகமும்
சேற்றில் வழுக்கித்தான் நடந்திருக்கிறது:
நடுவிரல் நீளமாய் இழுபட்டிருந்தது.
தூணை ஒரு முழம் தள்ளி நட்டேன்.
படி கொஞ்சம் கோணல்தான்.
கேட்டால் மண் சரியில்லை என்பேன்.

ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து
மணல் தகைவிலான்கள் வந்துவிட்டன.
பழைய பொந்துகள் கடலில்.
புது விளிம்பில் புதிதாய்க் குடைகின்றன
ஒரு கை ஆழம்,
சரியாகத் தோராவின்
உருளைக்கிழங்குப் பாத்திக்கு அடியில்.

வரும் சனிக்கிழமை
அவள் கொட்டகையை
மூன்று மீட்டர் உள்ளே நகர்த்தித் தரவேண்டும்.
போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
திருகாணிதானே?