வாடகையில் பாதி

அவனுக்குத் தமிழ் தெரியாது.
என் இந்தி, காய்கறிக்காரரிடம்
விலையைக் குறைக்கச் சொல்லும் வரைக்கும்தான் வரும்;
அவர் மறுத்தால் தீர்ந்துவிடும்.

பிரேம்ரஞ்சன், சமஸ்திபூர்.
நான், பென்னாகரம்.
தில்லி நேரு விஹாரில் மூன்றாம் மாடி.
இரண்டு கட்டில் போட்டால்
கதவு பாதிதான் திறக்கும் அறை.
எங்களுக்குப் பொதுவாக இருந்தவை
ஆயிரத்து இருநூறு ஆங்கிலச் சொற்கள்,
அவையும் வினாத்தாளுக்கு வெளியே
யாரும் கண்டிராதவை.

அதை வைத்தே குடித்தனம் நடத்தினோம்.
வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டால்
'மைசர்' என்பான்.
பணத்தைச் சேர்த்துக்கொண்டே ஏழைபோல் வாழ்பவர், ஒரு மதிப்பெண் பிசகில்லை.
மெஸ் பருப்பைக் கரண்டியில் தூக்கி
ட்யூப்லைட்டுக்கு நேரே காட்டி
'டிரான்ஸ்பரண்ட்' என்பேன்.
தூக்கத்தில் நான் பேசுகிறேனாம்.
காலையில் என்னைப் பார்த்து 'சோம்னிலோக்விஸ்ட்' என்று
பல்லில் சிக்காமல் முழுசாகச் சொல்லிவிட்டுப்
பல் தேய்க்கப் போவான்.
என்ன பேசினேன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவான்.
தமிழில் பேசியிருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் வீசிய அட்டைகளை
வெட்டிச் சீட்டு செய்தோம்.
முன்பக்கம் நீண்ட வாக்கியம், பின்பக்கம் ஒரு சொல்.
தோற்றவன் அன்று குக்கர் கழுவ வேண்டும்.
நான்தான் அதிகம் கழுவினேன்.
எட்டு வருடமாக எழுதுகிறவன் அவன்;
அவனுடைய பழைய சீட்டுகளின் விளிம்பு
பத்து ரூபாய் நோட்டு மாதிரி பஞ்சாகியிருக்கும்.

ஆகஸ்ட் முதல் தேதியை வைத்து
வயதைக் கணக்கிடுகிறார்கள்.
அவன் ஜூலை இருபத்தொன்பது.
நான்கு நாள் தள்ளிப் பிறந்திருந்தால்
இன்னும் ஒரு முறை எழுதியிருப்பான்.
அறிவிப்பு வந்த இரவு
சீட்டை எடுக்கவில்லை நாங்கள்.
அவன் குக்கரைக் கழுவினான்,
தோற்காமலே.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்து வந்தேன்.
கதவு முழுசாகத் திறந்தது.
கட்டிலை யாருக்கோ விற்றிருக்கிறான்.
குக்கருக்கு அடியில் வாடகையில் பாதி,
சில்லறை வரைக்கும் சரியாக.

'பாக் கயா' என்றார் வீட்டுக்காரர். ஓடிவிட்டானாம்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.
அப்ஸ்காண்ட்: சட்டத்துக்குப் பயந்து இரகசியமாகத் தப்பி ஓடுதல்.
எந்தச் சட்டம்?
ஒரு வயது கூடியது எந்தப் பிரிவில் வரும்?
டெசர்ட்டர்: படையை விட்டு ஓடியவன்.
படையில் சேர்த்தால்தானே விட்டு ஓட.
புராடிகல்: பணத்தை வாரி இறைப்பவன்.
இரண்டாவது டீக்கு
ஒரு மணி நேரம் யோசிக்கிறவனை நினைத்துத்
தனியாகச் சிரித்தேன்.
வெட்டரன்: ஒரு தொழிலில் நீண்ட அனுபவம் உடையவர்.
கிட்டத்தட்ட இதுதான்.
தொழில் என்ற இடத்தில்தான் உதைக்கிறது.

ரோஹிணியில் தேர்வு மையம். பனி.
பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள்,
மணிக்கட்டில் அம்மா கட்டிய கயிற்றை
வரிசையில் நிற்கும்போதே வெட்டினார்கள்.
எழுபத்தொன்றாம் கேள்வி:
சட்டத்துக்குப் பயந்து இரகசியமாக.
நான்கு வட்டங்களில் மூன்றாவது, அந்தச் சொல்.
சம்மதமில்லை என்று குறிக்க
ஐந்தாவது வட்டம் கிடையாது.
அழுத்தினேன்.
இரண்டு மதிப்பெண்.

வெளியே வந்து செருப்பைத் தேடும் முன்
அவனுக்குப் போன் போட்டேன்.
இத்தனை நாளில் முதல் தடவை எடுத்தான்.
பின்னால் மாவு மில்லோ, டிராக்டரோ.
காதைப் பொத்திக்கொண்டு
என் காய்கறி இந்தியில் கத்தினேன்:
வந்தது, நம்ம சீட்டு, வந்தது.
இரைச்சல்.
வந்தது, வந்தது.
இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்,
நிதானமாக, பல்லில் சிக்காமல்:
'இனாடிபிள்.'