குரா, குரா

கிடினியா துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம்
பாரந்தூக்கியின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தவள் பொகுமீவா.
ஒரு மூளைக்காய்ச்சல், ஒன்பது நாள்,
இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது.

இப்போது வலக் காதுக்குப் பின்னே காந்த வில்லை,
உள்ளே நத்தைச் சுருளில் இருபத்திரண்டு மின்முனை.
முதல் வாரம் எல்லோரும்
தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள்.
மூன்றாம் மாதம் டப்பா திறந்தது.
அமைதியான அறையில் எல்லாம் புரிகிறது.
அமைதியான அறையில் யார் வாழ்கிறார்கள்?

அதனால் மாலை ஆறரைக்குச் சமையல் மேஜை.
எதிரே கணவன் இரெனேயுஷ்.
மாவு சலிக்கும் சல்லடையை
முகத்துக்கு முன் பிடித்துக்கொள்கிறான்:
ஒலி வரும், உதடு வராது.
குழாயைத் திறந்துவிடுகிறான்.
அப்புறம் வாசிக்கிறான், கையில் கிடைத்ததை,
மத்தி மீன் டப்பாவின் முதுகை,
துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாதத்தை.
அலுத்துப்போனால் ஒற்றைச் சொல்.

குரா, என்கிறான்.
மலை, என்கிறாள்.
இல்லை, கோழி.
குரா.
கோழி.
இல்லை, இப்போது மலை.

அவர்கள் மொழியில் அவை இரண்டு சொல்.
ஒன்றில் தொண்டை அதிரும், மற்றதில் அதிராது.
தமிழில் எழுத உட்கார்ந்த எனக்கு
இரண்டுக்கும் ஒரே கு.
கங்கையின் தலையிலும் கண்ணின் தலையிலும்
ஒரே எழுத்தை வைத்துவிட்டு
பக்கத்துச் சொல்லைப் பார்த்துக்கொள் என்று
விட்டுவிட்டார்கள் நம்மை.
என் எழுத்துக்கும் அவள் கருவிக்கும்
தூரத்து உறவு இருக்கவேண்டும்.

குழாய் பழகிய பிறகு மருத்துவமனை தந்த மென்பொருள்.
ஓர் ஆண் குரல் வாக்கியம் சொல்லும்,
பின்னால் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.
முதலில் அவன் பத்து டெசிபல் மேலே,
அப்புறம் ஐந்து,
அப்புறம் பூஜ்யம்: அவனும் அவர்களும் சமம்.
சந்தைக்கடைதான்.
ஏணியில் ஏறிய சிறுவனைத்
தேநீர் குடிக்க வைத்தாள் பொகுமீவா.
மதிப்பெண் நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டு.
மறுபடி நாற்பத்தொன்று.
வியாழக்கிழமை முப்பதுக்கு இறங்கியது.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.
அன்று அவள் அந்த ஆளைக் கேட்கவே இல்லை.
இரைச்சலுக்குள் ஒருத்தி இருந்தாள்,
கொஞ்சம் மூக்கடைத்த குரல்,
எதற்கோ சிரித்துவிட்டு
குடை, என்றாள்.
நிச்சயம் குடைதான்.
தள்ளிவிடச் சொல்லித் தந்த கூளத்திலிருந்து
ஒரு சொல் முழுசாகக் கையில் வந்தது.
பன்னிரண்டு தடவை திரும்பப் போட்டாள்.
பன்னிரண்டு தடவையும் குடை.
தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

சனிக்கிழமை, ரொட்டிக்கடை.
காபி இயந்திரம் சீறுகிறது, கரண்டி விழுகிறது,
ஒரு குழந்தை பூட்ஸ் காலால் கண்ணாடியை உதைக்கிறது,
வரிசையில் ஒன்பது பேர்.
யார் கையிலும் சல்லடை இல்லை,
ஆனால் கடைக்காரி திரும்பி நின்று பேசுகிறாள்.
முதுகுக்கு உதடு கிடையாது.

எந்த புவ்க்கா?

ரொட்டி, என்கிறாள் பொகுமீவா.
வட்ட ரொட்டி. நான்கு.

கடைக்காரி கேட்டதோ
எந்த அலமாரித் தட்டு, மேலதா, கீழதா.
தட்டுக்கும் ரொட்டிக்கும் நடுவே அந்த ஊரில்
தொண்டையின் ஓர் அதிர்வுதான் தூரம்
(அதையும் எழுத எனக்கு வழியில்லை, பாருங்கள்).
கேட்டது பிழை. வந்தது சரி.
நான்கு வட்ட ரொட்டி, காகிதத்தைத் தாண்டிச் சுடுகிறது.

கடையை விட்டு இறங்கியதும்
கருவியைக் கழற்றிப் பைக்குள் போடுவது வழக்கம்.
இன்று கை போகவில்லை.
கடற்காகங்கள் சண்டை பிடிக்கின்றன,
பஸ் ஒன்று பெருமூச்சு விட்டுக் குனிகிறது,
எதிர்ச்சாரியிலிருந்து இரெனேயுஷ்
என்னவோ சொல்லிக்கொண்டே சாலையைக் கடக்கிறான்.
பாதி காற்றில் போய்விட்டது.
மீதி: வெயில். எதற்கு. குடை?

ஒருத்தி சொன்னாள், என்கிறாள்.