படகு என்று பேர்

போலந்து மொழியில் வூச் என்றால் படகு.
படகு விடுமளவு தண்ணீர் இந்த ஊரில் ஓடியதில்லை.
ஓடியது சாயம்.
செவ்வாய் நீலம், புதன் கருஞ்சிவப்பு.
ஓடையைப் பார்த்தே
அடுத்த குளிர்காலப் பாவாடை நிறம் சொல்வாள் கெனோவெஃபா.

ஒரே கூடத்தில் ஆயிரம் தறி.
முதல் வருஷமே காது போயிற்று.
உதட்டைப் படித்தோம்:
ரொட்டி விலை, தள்ளிப்போன நாள்,
மேஸ்திரியின் இரண்டாம் வீடு, வேலைநிறுத்தம்.

ஒரு வியாழக்கிழமை
தறிகள் நின்றன.
தரை ஆடாததில்
நடக்கத் தெரியாமல் தடுமாறினோம்
கரையிறங்கியவர்கள் போல.

அதே செங்கல் சுவருக்குள்
இப்போது கடைகள்.
மூன்றாம் தளம் துடைக்கிறேன்.
இசை அலறுகிறதாம், எனக்கென்ன.
கீழே, செருப்புக்கடை வாசலில்
வாளியோடு கெனோவெஃபா.
அண்ணாந்து உதடசைக்கிறாள்:

"ஓடை தெளிஞ்சிருக்கு, பார்த்தியா?
ஒரு நிறமும் சொல்லமாட்டேங்குது."