இரண்டும் ஐந்தும்

ரெட்டாவின் கராஜில் கார் இல்லை.
மடக்கு மேசை, ஐந்து நாற்காலி,
உப்பு பிஸ்கட் ஒரு பொட்டலம்.
புல்வெட்டி மெஷினின் பெட்ரோல் வாசம் போக
கதவைப் பாதி தூக்கி வைத்திருந்தாள்.

பார்ட்ஸ்டவுனில் அக்டோபர்.
காற்று திரும்பினால்
ஊரே வெந்த சோளமாய் மணக்கும்.

நான் தபால்காரன்.
கிடங்குச் சாலையில் நான் கடிதம் போடும் பெட்டிகளெல்லாம் கறுத்திருக்கும்;
பீப்பாய்களிலிருந்து தப்பிய ஆவியைத்
தின்று வளரும் பூஞ்சை.
தேவதைகளின் பங்கு என்பார்கள் சுற்றுலா வந்தவர்களிடம்.
வருடா வருடம் சுவரைத் தேய்த்துக் கழுவுகிறவர்களைக் கேளுங்கள்,
வேறு பெயர் சொல்வார்கள்.

புட்டிகள் சமையலறையில்.
எங்கள் முன்னால் ஆளுக்கு ஐந்து கோப்பை,
அடியில் டேப், டேப்பில் எண்.
மார்ச் மழையில், விடிவதற்கு முன்பே,
மூன்று மணி நேரம் வரிசையில் நின்று
நான் வாங்கிய நூற்றெண்பது டாலர் புட்டியும்
அதில் ஒன்று.
(வீட்டில் அறுபது என்று சொல்லியிருந்தேன்.)
எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிப்பேன் என்றேன்.

அர்லிஸ் பள்ளியில் வேதியியல் நடத்தியவர்.
உறிஞ்சுகுழலில் தண்ணீர் எடுத்து
மூன்று சொட்டு, மூன்றே சொட்டு விட்டு
கைக்கடிகாரம் பார்ப்பார்.
மார்வாவுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் மருந்துக்கடை.
பிறகு செர்ரி.
பிறகு, "இல்லை, மருந்துக்கடைதான்."

இடையிடையே மூக்கு மரத்துப்போகும்.
அப்போது சொந்தச் சட்டைக்கையை முகர வேண்டும்.
என் சட்டைக்கையில்
பசை, காகிதம், யார் வீட்டு நாயோ.

இரண்டாவதுக்கு எழுதினேன்:
கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகு.
பழைய சர்ச் பெஞ்ச்.
நகத்தால் கீறிய ஆரஞ்சுத் தோல்.
விழுங்கிய பின், மழை விட்ட புகையிலைக் கொட்டகை.
நெஞ்சில் யாரோ கைவைத்து
எடுக்க மறந்துவிட்டதுபோல் ஒரு சூடு.
இதுதான் என்னுடையது. அடிக்கோடு, இரண்டு முறை.

மூன்றாவதுக்கு: பரவாயில்லை.

ஐந்தாவதுக்கு: நகப்பூச்சு அழிக்கிற திரவம்.
நனைந்த அட்டைப்பெட்டி.
மச்சினனுக்குக்கூட ஊற்றாதே.

க்ளீட்டஸ் எதுவும் எழுதவில்லை.
போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து
அவர் மூக்கை எடுத்துக்கொண்டு போனது.
காப்பியும் டீசலும் அவருக்கு ஒன்று.
ஆனாலும் ஒரு வியாழன் தவறியதில்லை.
கோப்பையை விளக்குக்கு நேரே சாய்த்து
கண்ணாடியில் வழியும் கோடுகளைப் பார்ப்பார்,
ஜன்னலில் மழை பார்ப்பதுபோல.
குடிப்பார். நெஞ்சைத் தடவுவார்.
"அஞ்சும் ஒண்ணுதான்" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

ரெட்டா காகிதத்தைப் பிரித்தாள்.
ஒன்று, கோதுமை கலந்தது. நான்கு, கம்பு தூக்கலானது.
மூன்று, மார்ச் மழை.
இரண்டும் ஐந்தும்
பெட்ரோல் பங்க்குக்கு எதிர்க்கடையில்
பதினெட்டு டாலருக்கு வாங்கிய
ஒரே புட்டி.

என் தாளை மார்வா பிடுங்கி
உரக்கப் படித்தாள்.
அர்லிஸுக்கு இருமல் வரும்வரை சிரிப்பு.
"பாதி சரியாச் சொன்னேனா இல்லையா?" என்றார் க்ளீட்டஸ்.
பூட்டியிருந்த பக்கத்து வீட்டு நாய்
ஏனென்று தெரியாமல் குரைத்தது.

எல்லாரும் பிஸ்கட்டுக்குத் திரும்பியதும்
இரண்டில் மிச்சமிருந்ததைக் குடித்தேன், ஐந்தைக் குடித்தேன்,
மறுபடி இரண்டை.
தெரிந்த பிறகும்
இரண்டுதான் நன்றாக இருந்தது.
இதை அங்கே சொல்லவில்லை.

நாற்காலிகளை மடக்கும்போது
க்ளீட்டஸ் என் முழங்கையைத் தொட்டார்.
"அந்த ரெண்டாவதை இன்னொரு தரம் படி."
கையில் கிடைத்த கோப்பையை
மூக்கருகே பிடித்துக்கொண்டார். டேப்பில் ஐந்து.
படித்தேன். சர்க்கரைப் பாகு என்றேன். சர்ச் பெஞ்ச் என்றேன்.
கண்ணை மூடியிருந்தவர்
கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எந்த சர்ச்?"