ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு

அறுபத்தொன்பது, ஆடி கடைசி.
செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி லாரிகளுக்கு நடுவே
கமாலுதீன் பாயின் துப்பாக்கிக் கடையில்
பதிவேடு எழுதுகிறவள் நான்.
லைசென்ஸ் எண், தோட்டா எண்ணிக்கை, கையெழுத்து.
மையொற்றுத் தாள் என் செலவு.

மழைக்கோட்டோடு வந்தார் நாகலூர் எஸ்டேட் மேனேஜர்
இக்னேஷியஸ். இருபது கொண்டை ஊசியும்
அவர் வயிற்றில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.
சோடா வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:
"எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு வேணும் பாய்.
காப்பிக்குள்ள கேளையாடு,
ஓடைப்பக்கம் கடமான்,
பலா பழுத்தா பன்னி.
மூணுக்கும் மூணு துப்பாக்கி தூக்க
என்கிட்ட ஆள் இல்ல."

பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
இந்தக் கேள்விக்கென்றே பிறந்தவர் மாதிரி இருப்பார் அப்போது.
பன்னிரண்டு போரில் எல்ஜி போட்டால்
கிட்டத்தில் சரி; நாற்பது கஜம் தாண்டினால்
சில்வர் ஓக்குக்குத்தான் காயம்.
சின்ன ரைபிள் கேளைக்குப் போதும்.
கடமான் அதை வாங்கிக்கொண்டு
மூணு மலை தாண்டிப் போய்ச் சாகும்,
உமக்கும் இல்லை, உம்ம நாய்க்கும் இல்லை.
துரை விட்டுப்போன பெரியது ஒன்று உள்ளே இருக்கிறது,
அது யானைக்கு. கேளை மேல் வைத்தால்
குளம்பு மட்டும்தான் குழம்புக்கு மிஞ்சும்.

கடைசியில் முந்நூற்றுப் பதினைந்தை எடுத்து
மேசைக் கண்ணாடிமேல் வைத்தார். நின்றது.
பித்தளை உடம்பு, ஈயம் தெரியும் மூக்கு.
"நூறு கஜத்துக்குள்ள.
முன்னங்காலுக்கு மேல, தோளை ஒட்டி.
எதுவா இருந்தாலும் உட்காந்துரும்."

எடை எவ்வளவு என்றார் இக்னேஷியஸ்.
பெட்டியில் கிரெயின் கணக்கு. யாருக்குப் புரியும்?
வெடிக்காத தோட்டா ஒன்றில் கழற்றிய குண்டு
மேசை அறையில் கிடந்தது.
எதிர்வரிசைக் கொலுசுப் பட்டறைக்கு
நான்தான் கொண்டுபோனேன்.
தாமோதரன் தராசில் போட்டான்.
அந்தத் தட்டில் குன்றிமணியை வைத்தான், எடுத்தான், வைத்தான்.
"ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு."
எதற்கு என்று கேட்கவில்லை.
என் கழுத்தில் கிடப்பதைவிட
அரைப் பவுன் அதிகம்.

திரும்பி வந்தபோது
பாய் அட்டவணையை விரித்திருந்தார்:
எந்த எடை முதல் எந்த எடை வரை
இந்தத் தோட்டா உத்தமம் என்று.
ராத்தல் கணக்கை அவரே பென்சிலால் கிலோவாக்கியிருந்தார்.
இருபதில் கேளை. இருநூறில் கடமான்.
நடுவே நீளமாய் வெற்றிடம்.

அதில் ஒவ்வொருவராய் வந்து நின்றார்கள்.
சோடாக்கடைப் பையன், முப்பது இருப்பான்.
நான் ஐம்பத்தெட்டு.
வெளியே ஜவ்வரிசி மூட்டை இறக்கும் சீரங்கன்,
எழுபது; மூட்டையைச் சேர்க்காமல்.
பாய் அவரைவிடக் கொஞ்சம் கம்மி.
மழைக்கோட்டோடு இக்னேஷியஸ்
எப்படியும் தொண்ணூறு.

சொல்லவில்லை. அட்டவணையில் தப்பு ஒன்றுமில்லை.
இருபத்தைந்து என்று எழுதினேன்.
காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.

மார்கழியில் திரும்ப வந்தார்,
காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காத கோபத்தோடு.
பழைய கூடுகளைக் கொட்டினார்.
மேசையெங்கும் கரிந்த பித்தளை நாற்றம்.
பதினெட்டு காலி. ஆறு முழுசு.
திரும்ப எண்ணினேன். பாயும் எண்ணினார்.
"ஒண்ணு எங்கயாவது புல்லுக்குள்ள விழுந்திருக்கும்" என்றவர்
இந்தத் தடவை சோடா கேட்கவில்லை.

"சுட்டதுன்னே எழுதிரும்மா" என்றார் பாய்,
என்னைப் பார்க்காமல்.
எழுதினேன்.
எதை என்று கேட்கும் கட்டம்
சர்க்கார் அச்சடித்த பதிவேட்டில் கிடையாது.
ஒற்றுத் தாள் தீர்ந்துபோயிருந்தது.
வாயால் ஊதி ஊதிக்
காயவைத்தேன்.